நடுவில் கொஞ்சம் வெளி: நிஸாம் நானா நினைவாக

சென்ற வெள்ளிக்கிழமை காலை குசினியில் நின்றபோது தொலைபேசி அடித்தது. கிண்ணியாவிலிருந்து பர்ஹானா, நிஸாம் நானாவின் மகள்.

"மாமி, வாப்பா மௌத்தாகிட்டாங்க. சுபஹுக்கு எழும்பினவங்க. தண்ணி கேட்டாங்க. நான் கொண்டு வாறதுக்குள்ள..."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"ஜும்ஆவுக்குப் பொறகு அடக்கம். நீங்க சனம் கொறைஞ்ச பொறகு ஒரு நாள் வாங்க. உங்களுக்கு ஒண்டு காட்டச் சொல்லிட்டுப் போயிரிக்காங்க."

நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். அன்று சமைக்கவில்லை.

நிஸாம் நானாவை அறிந்தவர்கள் பலர், பெயர் தெரிந்தவர்கள் சிலர்தான். கிண்ணியாப் பக்கம் நானா என்றால் அண்ணன். சமாதான காலத்திலும் அதற்குப் பிறகும் திருகோணமலையில் அடையாள அட்டைக்குப் படம் எடுத்த பாதிப் பேருக்கு அவருடைய குரல் ஞாபகம் இருக்கும். "நாடியக் கொஞ்சம் கீழ விடுங்க. மூச்சப் பிடிக்காதீங்க. முடிஞ்சிது." அவ்வளவுதான் அவர் பேசுவது. மெலிந்த உயரமான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னத் துணி இருக்கும், மூக்குக் கண்ணாடியையும் கமெராவையும் ஒரே துணியால்தான் துடைப்பார். யாரோடும் சத்தம் போட்டுக் கதைத்ததை நான் கேட்டதில்லை. அவருக்கும் சேர்த்து நான் சத்தம் போட்டேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

துறைமுகத்துக்குப் பின்பக்கமாக ஒரு ஒடுங்கிய வீதியில் இருந்தது எங்கள் ஸ்ரூடியோ. போர் சற்று ஓய்ந்து, சோதனைச் சாவடிகளில் ஆட்கள் சிரிக்கத் தொடங்கியிருந்த சமாதான காலத்தில்தான் எங்கள் முதலாளி கணினி வாங்கினார். நானும் நானாவும் வேலைக்குச் சேர்ந்ததும் அதே மாதம். கொழும்பிலிருந்து கணினியைக் கொண்டுவந்தவர் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி இரண்டு நாள் சொல்லித் தந்துவிட்டு, மூன்றாம் நாள் ரயில் ஏறிவிட்டார். ஆகவே எங்களில் தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. ஒன்றும் தெரியாத இரண்டு பேரும் ஒரு மொனிற்றரும் மிஞ்சினோம்.

நானா கிண்ணியாவிலிருந்து வர வேண்டும். அப்போது பாலம் இல்லை. இரும்பு மிதவையில் ஆட்களும் சைக்கிள்களும் நின்றபடி நீரைக் கடப்பார்கள். எங்கள் பக்கத்தில் அந்த மிதவைக்குப் 'பாதை' என்றுதான் பெயர். பாதையில் ஏறி, இறங்கி, பஸ் பிடித்து அவர் வந்து சேர ஒன்பதரை ஆகும். நான் லிங்கநகரில் ஓர் அறை எடுத்து இருந்தவள், எட்டு மணிக்கே கடை திறப்பேன். ஆகவே காலையில் கணினி எனக்கு, கமெரா அவருக்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கமெரா எனக்கு, கணினி அவருக்கு.

படம் திருத்தும் அந்த மென்பொருளைத் திறந்தால் நடுவில் ஒரு சாம்பல் நிற வெளி தெரியும். அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பெட்டிகள் நிற்கும். ஒன்றில் தூரிகை, அழிப்பான் போன்ற கருவிகள். ஒன்றில் நிறங்கள். ஒன்றில் படத்தின் லேயர்கள், கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுபோல. இந்தப் பெட்டிகளை எங்கே வேண்டுமானாலும் இழுத்து வைக்கலாம். எங்கள் சண்டை முழுவதும் இந்த 'எங்கே வேண்டுமானாலும்' என்பதில்தான் தொடங்கியது.

எனக்கு எல்லாம் வலப்பக்க ஓரத்தில் ஒட்டி, வரிசையாக நிற்க வேண்டும். படம் திரையை நிறைத்து நிற்க வேண்டும். நானாவோ பெட்டிகளை மூலைக்கு ஒன்றாக இழுத்து விட்டிருப்பார். படங்களையும் ஒவ்வொன்றாகத் திறக்கமாட்டார், ஐந்தாறு படங்கள் சின்னச் சின்ன விண்டோக்களாக ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும், துறையில் கட்டிய தோணிகள் போல. நடுவில் மட்டும் ஒன்றும் இருக்காது.

"நானா, இது வேலை செய்யிற இடமோ, மீன் சந்தையோ?" என்று காலையில் அவர் வந்தவுடனே பாய்வேன்.

"நடுவுல கொஞ்சம் வெளி இரிக்கணும் தங்கச்சி. கண் போய் இளைப்பாற ஒரு இடம் வேணாமா?"

"கண்ணை இளைப்பாற்றவே முதலாளி சம்பளம் தாறார்?"

அவர் சிரிப்பார். அந்தச் சாம்பல் நிறம், காலையில் பாதையில் நிற்கும்போது தெரியும் தண்ணீரின் நிறம் என்று ஒருநாள் சொன்னார். வெயில் ஏறுவதற்கு முன்பு நீருக்கும் வானத்துக்கும் நடுவே கோடு தெரியாதாம். மிதவை நகர்கிறதா நிற்கிறதா என்றுகூட விளங்காதாம். "அந்த அஞ்சு நிமிசம் நான் ஒண்டையும் யோசிக்கிறல்ல தங்கச்சி. பொறகு இங்க வந்து இதத் தொறந்தா, இன்னும் பாதையிலதான் நிக்கிற மாதிரி." அவர் அப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம் போய்விட்டது, பெட்டிகள் கலைந்த கோபம் மட்டும் போகவில்லை.

பெட்டிகளை அடுக்கிய விதத்துக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமித்து வைக்கலாம் என்பதைக் கண்டுபிடித்தவள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. என்னுடைய ஒழுங்குக்கு இங்கிலிஷ் எழுத்தில் 'லிங்கநகர்' என்று பெயர் வைத்தேன். மறுநாள் பார்த்தால் அதற்கு மேலே 'கிண்ணியா' இருந்தது. அதன்பிறகு மதியம் நான் எழும்ப, அவர் வந்து இருந்து, ஒரு சொடுக்கு. பெட்டிகளெல்லாம் தாங்களாகவே எழுந்து நடந்து தங்கள் மூலைகளுக்குப் போய்விடும். எங்கள் நகரத்தில் மாடுகளைப்போல் திரியும் மான்கள் வீதியில் நடந்துபோய்க் கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்துப் பார்க்கும் நேரம் அது. கடையில் மின்விசிறியின் சத்தம் மட்டும் இருக்கும். முதலாளி கல்லாவில் தூங்கிவிடுவார். இப்போது நினைத்தால் சமாதானம் இருந்த நான்கு ஆண்டுகளும் ஒரே நீண்ட மதியமாகத்தான் இருந்தன என்று தோன்றுகிறது.

அந்த நாட்களில் நடந்த ஒன்று. காலையில் ஒரு கலியாணப் படத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். சட்டைக் கை பட்டு எந்த விசை அமுங்கியதோ, பெட்டிகள் அத்தனையும் மறைந்துவிட்டன. தூரிகை இல்லை, நிறம் இல்லை, லேயர் இல்லை. மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் சாம்பல் வெளியில் தனியே நின்றார்கள். கணினியின் விலை எனக்குத் தெரியும், என் சம்பளமும் தெரியும். முதலாளி வருவதற்குள் ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நானா வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் பையைக்கூட இறக்கி வைக்காமல் குனிந்து, இடப்பக்கத்து 'டேப்' விசையை ஒரு விரலால் தட்டினார். எல்லாம் திரும்பி வந்தன.

"ஒண்டும் போகல்ல தங்கச்சி. மறைஞ்சு நிக்கிது, அவ்வளவுதான்."

பிறகு அதுவே அவருடைய வாடிக்கை வசனமாகிவிட்டது. மின்சாரம் நின்று படம் அழிந்ததென்று நான் கத்தினாலும், தண்ணீரில் ஊறிய பழைய படத்தை யாராவது கொண்டுவந்து கண்கலங்கினாலும், நானா அதையேதான் சொல்வார். ஒண்டும் போகல்ல. மறைஞ்சு நிக்கிது.

இன்னொரு வேறுபாடும் எங்களுக்குள் இருந்தது. நான் அழிப்பவள், அவர் வைத்திருப்பவர். கண் மூடிய படம், கை ஆடிய படம், வெளிச்சம் பார்க்க எடுத்த படம், எதையும் அவர் அழிக்கமாட்டார். 'பிறகு' என்று ஒரு கோப்புறை வைத்திருந்தார். "பொறகு பாப்பம்" என்று அதற்குள் போட்டுவிடுவார். கணினி மெதுவாக ஓடுகிறது என்று முதலாளி முணுமுணுக்கும்போதெல்லாம் துடைத்துக் கழுவுவது என் வேலை.

என் தம்பி சுதனை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் ஊர் சம்பூர். அம்மாவும் அவனும் அங்கே இருந்தார்கள். மாதத்தில் ஒருநாள் அவன் மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் ஏறி, மரவள்ளிக்கிழங்கும் தயிர் முட்டியுமாக ஸ்ரூடியோவுக்கு வந்துவிடுவான். இருபத்தாறு வயது. வந்தால் சும்மா இருக்கமாட்டான். டிஜிற்றல் கமெரா வாங்கிய அன்றும் வந்திருந்தான். நானா அதைச் சோதித்துப் பார்க்க, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் வெள்ளை ரெஜிபோம் பலகையை இவன் பிடித்துக்கொண்டு நின்றான். பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்திருப்பார்கள். சிலவற்றில் பலகையை இறக்கிவிட்டுப் பல்லைக் காட்டி நின்றான். நான் அவற்றை 'ரெஸ்ற்' என்ற கோப்புறையில் போட்டேன். சில மாதங்களுக்குப் பிறகு துடைத்துக் கழுவும்போது அந்தக் கோப்புறையை அப்படியே அழித்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்தும் பார்க்கவில்லை.

பிறகு சமாதானம் முடிந்தது. சம்பூர் இடம்பெயர்ந்தது. அம்மாவும் சுதனும் உடுத்த உடையோடு சனங்களோடு சனமாக நடந்தார்கள். வெருகல் பக்கம் ஒரு சந்தியில் அம்மாவை மர நிழலில் இருத்திவிட்டு, "தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் அம்மா, இதிலயே இருங்கோ" என்று வெறும் போத்தலோடு போனவன் திரும்பி வரவில்லை. அம்மா இரண்டு நாள் அந்த இடத்திலேயே இருந்தார். பிறகு கூட வந்தவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். முகாமிலிருந்து அவரை நான் லிங்கநகருக்குக் கூட்டி வந்தபோது அவரிடம் ஒரு பை இருந்தது, அதில் ஒரு சேலையும் வீட்டுப் பூட்டின் திறப்பும் இருந்தன. படங்களெல்லாம் சம்பூரில், அலுமாரிக்குள், பூட்டிய வீட்டில் இருந்தன. அந்த வீடு பிறகு இல்லை.

தம்பியைக் காணவில்லை என்று முறைப்பாடு எழுதிய இடத்தில் பெயர், வயது, உயரம் எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, "படம்?" என்றார்கள்.

"படம் இல்லை," என்றேன்.

"படம் இல்லாம எப்பிடித் தேடுறது பிள்ளை? எத்தினை சுதன் இருக்கினம். ஏலாது. படம் ஒண்டு கொண்டு வாங்கோ," என்றார் எழுதியவர். அவர் சொன்னதில் பிழை இல்லை.

படம் எடுக்கும் கடையில் வேலை செய்பவளின் தம்பிக்குப் படம் இல்லை. இருந்த படங்களையும் நானே என் கையால் அழித்திருக்கிறேன். அந்த நாட்களில் என்னை நானே எவ்வளவு வெறுத்தேன் என்று எழுத இப்போதும் கை கூசுகிறது. மறுநாள் கடைக்குப் போய் மேசையில் தலையை வைத்துக்கொண்டு நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. கணினியின் முன் இருந்து 'பிறகு' கோப்புறையைத் திறந்து, வெகுநேரம் கீழே கீழே போனார். கடைசியில் ஒரு படம் கிடைத்தது.

சுதன்தான். வலப்பக்கத்துக் கண், மூக்கு, வாயில் முக்கால்வாசி. சிரிக்கப்போகும் முகம். மிச்சத்தை, கன்னத்திலிருந்து காதும் தாடையும் முழுவதுமாக, அவன் பிடித்திருந்த வெள்ளைப் பலகை மறைத்திருந்தது. இடக்கண்ணின் ஓரம்கூடப் பலகைக்குப் பின்னால்தான். "இதில வெளிச்சம் நல்லா இரிந்திச்சு, அதான் வச்சன்," என்றார் நானா, ஏதோ தவறு செய்தவர்போல.

அவர் வழக்கமாகச் சொல்லும் அந்த வசனத்துக்காக நான் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். அவர் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒருநாளும் சொல்லவில்லை. மின்சாரம் நின்றபோதும், படம் அழிந்தபோதும், அந்த வசனத்தை என் காதுபட அவர் பிறகு உச்சரித்ததே கிடையாது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை, வருடங்கள் கழித்துத்தான் விளங்கியது.

மூன்று நாள் காலையிலும் நான் முயன்றேன். ஒரு பக்கக் கன்னத்தைப் புரட்டி மறுபக்கம் ஒட்டினேன், அது யாரோ ஒருவராக வந்தது. திரையை நிறைக்கும்வரை பெரிதாக்கினேன். கிட்டப் போகப்போக அவன் சதுரம் சதுரமாக உடைந்தான். மூன்றாம் நாள் மதியம் நானா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"விடுங்க தங்கச்சி. நான் பாக்கன்."

அவர் இருந்ததும் முதலில் ஒரு காரியம் செய்தார். அதே படத்தை இரண்டு விண்டோக்களில் திறந்தார். ஒன்றில் கண்ணிமை தெரியும் அளவுக்குக் கிட்டவாக. மற்றதில் தபால் முத்திரை அளவுக்குத் தூரமாக. ஒன்றில் தூரிகையை வைத்தால் மற்றதிலும் அதே கணம் மாறும்.

"கிட்ட இரிக்கிற விண்டோவுல கை வேல செய்யும். தூர இரிக்கிறதிலதான் ஆள் வருவார். ரெண்டையும் ஒண்டாப் பாக்கணும் தங்கச்சி. நீங்க கிட்ட மட்டும் பாத்திட்டீங்க."

அதற்கடுத்த நாள் அவர் செய்ததுதான் என்னைக் கொதிக்க வைத்தது. கமெராவை அதன் தாங்கியில் கொழுவிவிட்டு, "தங்கச்சி, லைற் ஒண்டு பாக்கணும். இந்த ஸ்ரூல்ல கொஞ்சம் இரிங்க," என்றார். இருந்தேன். "முகத்த வலப்பக்கம் கொஞ்சம் திருப்புங்க. இல்ல, இன்னும் கொஞ்சம். நாடியக் கீழ. காதுத் தோட்டக் கழட்டி வைங்க, வெளிச்சம் தெறிக்கிது."

"நானா, உங்களுக்கு விசரோ? என்ர தம்பியக் காணேல்ல. அம்மா சோறு தண்ணி இல்லாமக் கிடக்கிறா. நீங்க லைற் பாக்கிறியளோ?"

"ஒரு நிமிசம் தங்கச்சி. சிரிக்கப் போற மாதிரி இரிங்க. சிரிக்க வேணாம்."

நான் தோட்டைக் கழற்றி மேசையில் எறிந்தேன். எப்படி முகத்தை வைத்தேனோ தெரியாது. அவர் ஆறேழு படம் எடுத்தார். நான் கதவை அடித்துச் சாத்திவிட்டு வீதியில் போய் நின்றேன். ஊரடங்கு முடிந்த அடுத்த நாள் அது, வெறிச்சோடிய வீதி. ஒரு மான் மட்டும் கிடந்த காகிதத்தைத் தின்றுகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்துச் சுதன் வந்தான். அப்படித்தான் சொல்ல முடியும். அச்சடித்த படத்தை நானா மேசையில் வைத்தார். முழு முகம். இரண்டு காதுகள். சிரிப்பதற்கு ஒரு கணம் முன்பு. "இல்லாத பக்கத்தை எப்பிடி நானா கீறினனீங்கள்?" என்று கேட்டேன்.

"கீறல்ல தங்கச்சி. இரிந்தத வச்சித்தான் செஞ்சன்," என்றார்.

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படத்தைக் கிட்ட வைத்துப் பார்த்தார், கையை நீட்டித் தூரவும் வைத்துப் பார்த்தார். முந்தானையால் துடைத்தார். வெகுநேரத்துக்குப் பிறகு, "என்ர பிள்ளைதான். இவன் எப்ப உன்ர சாடையா வந்தவன்?" என்றார். "உடன்பிறப்புகளெண்டாச் சாடை இருக்காதோ அம்மா?" என்று எரிந்து விழுந்தேன். மறுநாள் இதை நானாவிடம் ஒரு பகிடியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து விசைப்பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்தைத்தான் முறைப்பாட்டோடு கொடுத்தேன். அதைப் பெரிதாக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எத்தனை வரிசைகளில், எத்தனை வீதிகளில் நின்றிருக்கிறேன். போர் முடிந்தது. கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது. சம்பூருக்குச் சிலர் திரும்பிப் போனார்கள். சுதனைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சுவரில் அம்மாவின் படத்துக்கு மாலை இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் சுதனின் படத்துக்கு மாலையும் இல்லை, பொட்டும் இல்லை. போட எனக்கு மனமில்லை.

ஸ்ரூடியோ மூடப்பட்டபோது அந்தப் பழைய கணினியை நானா தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். "இத வச்சி என்ன செய்யப் போறீங்கள் நானா? மீன் சந்தை நடத்தவோ?" என்று கேட்டேன். "பொறகு பாப்பம்," என்றார். நான் வேறோர் அச்சகத்துக்கு வேலைக்குப் போனேன். பெருநாளைக்கு அவர் வீட்டு வட்டிலப்பம் வரும், தைப் பொங்கலுக்கு எங்கள் பொங்கல் போகும். இவ்வளவுதான் எங்கள் பழக்கம். இதற்கு மேல் ஒரு உறவுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை போனேன். பஸ் பாலத்தின் மேல் போகும்போது கீழே தண்ணீர் அதே சாம்பல் நிறத்தில் கிடந்தது. நானாவின் மனைவி இத்தா இருக்கிறார், கணவரை இழந்தவர் வெளியே வராமல் இருக்கும் நாட்கள். உள்ளறையில் அவருடைய கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு பர்ஹானா என்னை முன்னறைக்குக் கூட்டிப்போய், மேசையில் இருந்த கணினியின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தாள். அவள் விசையை அமுக்க, அது பழைய முனகலோடு மெல்ல விழித்துக்கொண்டது.

"மாமி, வாப்பா சொன்னாங்க. 'நான் இரிக்கக்குள்ள காட்டினா அவ ஏசுவா. ஏசினாக் காரியமில்ல. ஆனா அந்தப் படத்தக் கையில எடுக்கக்குள்ள அவக்கு மனம் பின்னடிச்சிரும். தேடுறவ தேடட்டும். நான் போனாப் பொறகு இதச் சொல்ல ஆள் இல்லாமப் போயிரும், அப்பக் காட்டு' எண்டு."

மென்பொருளைத் திறந்தாள். நான் பழக்க தோஷத்தில் பட்டியலுக்குப் போனேன். 'கிண்ணியா' இருந்தது. 'லிங்கநகர்' இருந்தது. நான் அறியாத மூன்றாவது ஒன்றும் இருந்தது. 'சம்பூர்'.

அதைச் சொடுக்கினேன். பெட்டிகள் எழுந்து நடந்தன. அநேகமானவை மூடிக்கொண்டன. லேயர் பெட்டி மட்டும் நீளமாக, நான் விரும்புவதுபோல் வலப்பக்க ஓரத்தோடு ஒட்டி நேராக நின்றது. நடுவில் அவர் விரும்பிய வெளி இருந்தது.

பர்ஹானா ஒரு படத்தைத் திறந்தாள். சுதன் வந்தான். பக்கத்தில் லேயர்களின் பெயர்கள், அவருடைய வழக்கம்போல இங்கிலிஷ் எழுத்தில். அடியில் 'தம்பி'. அதற்கு மேல் 'தங்கச்சி'. அதற்கும் மேல் மிகச் சின்னதாக 'துளை'.

'தம்பி' என்ற லேயரைக் காட்டும் சின்னக் கண் குறியை அணைத்தேன். சுதன் போனான். வெறும் வெளியில் ஒரு காதும், ஒரு கன்னமும், ஒரு கண்ணின் ஓரமும், ஒரு தாடையும் தனியே நின்றன. என்னுடையவை. அந்த ஸ்ரூலில் இருந்து நான் அவரை ஏசிக்கொண்டிருந்த அன்றைய என் முகத்தின் பாதி.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பொய்ப் படத்தையா கொடுத்தேன்? எங்கேயாவது யாராவது சுதனைக் கண்டு, இந்தத் தாடை இல்லை என்று விட்டுவிட்டிருந்தால்? நானா உயிரோடு இருந்திருந்தால் அவரைக் கிழித்திருப்பேன். பர்ஹானா பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தாள். நான் அதே படத்தை இன்னொரு விண்டோவில் திறந்து தூரமாக வைத்தேன். எல்லா லேயர்களையும் ஏற்றினேன். தூரத்தில் சுதன் சிரிக்கப்போனான். அவனேதான். வேறு யாரும் இல்லை. அம்மா அன்று பார்த்துவிட்டுச் சொன்னது சரியாக இருந்தது, இரண்டும் சரியாக இருந்தது, என் பிள்ளைதான் என்றதும், உன்னுடைய சாடை என்றதும். அந்தப் படத்தை ஏந்தி நின்ற இடமெல்லாம் நான் தனியாக நிற்கவில்லை, அவனும் தனியாக நிற்கவில்லை. அங்கேயே இருந்து சத்தமாக அழுதேன்.

'துளை' என்பதன் கண்ணையும் அணைத்துப் பார்த்தேன். சுதனின் காதுமடலில் ஒரு புள்ளி தெரிந்தது. என் தோட்டின் துளை. அதை மூடுவதற்கென்று ஒரு கடுகளவு தோலைத் தனியாக ஒரு லேயரில் வைத்திருந்தார் மனிதர். கண் கலங்கியிருந்ததில் விரல் ஏதோ விசையில் பட்டது. லேயர் பெட்டி மறைந்தது, எல்லாம் மறைந்தன. சாம்பல் வெளியில் இரண்டு சுதன்கள் மட்டும், ஒருவன் கிட்ட, ஒருவன் தூர.

"மாமி! எல்லாம் போயிட்டா?" பர்ஹானா என் கையைப் பிடித்தாள். "வாப்பாட வேலையெல்லாம் போயிட்டா?"

அந்த வசனம் என் வாய்வரை வந்தது. அவளைப் பார்த்தேன். வாப்பாவைப் புதைத்து நான்கு நாள் ஆன பிள்ளை. அவர் எனக்குச் சொல்லாமல் விட்டதை நானும் அவளுக்குச் சொல்லாமல் விட்டேன். இடப்பக்கத்து விசையை ஒரு விரலால் தட்டினேன். பெட்டி வந்தது. அவள் மூச்சு விட்டாள்.

மூடும்போது கணினி கேட்டது, மாற்றங்களைச் சேமிக்கவா என்று. வேண்டாம் என்று அமுக்கினேன். எது எப்படி இருக்க வேண்டும் என்று அவர் வைத்தாரோ அது அப்படியே இருக்கட்டும். துளை மூடியிருக்கட்டும்.

நானா, அந்த நாட்களில் ஒவ்வொரு காலையும் உங்களுடைய மேசையைக் கலைத்தவள் நான். இந்த முறை ஒன்றிலும் கை வைக்கவில்லை. போய் வாருங்கள்.